பொள்ளாச்சி–வால்பாறை மலைச்சாலையும் அதில் ஓடும் அரசு பஸ்ஸும்: ஒரு லோடு வண்டிக்காரரின் மதிப்புரை

பொள்ளாச்சி மார்க்கெட்டில் விடியற்காலையில் காய்கறி ஏற்றி, வால்பாறைக் கடைகளில் கொண்டுபோய் இறக்குவது என் தொழில். சொந்த வண்டி, ஓட்டுநரும் நானே. ஓட்டலுக்கும் மிக்ஸிக்கும் செல்போனுக்கும் பக்கம் பக்கமாக மதிப்புரை எழுதுகிறோம். அவை பிடிக்கவில்லை என்றால் வேறு கடைக்குப் போய்விடலாம். சாலையை அப்படி மாற்றிக்கொள்ள முடியாது. தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வால்பாறைக்கு ஏற இந்த ஒரே வழிதான். வண்டி வாங்கிய அன்றே சாலைக்குப் பணம் கட்டத் தொடங்குகிறோம், டீசல் போடும்போதெல்லாம் கட்டுகிறோம். அப்படிப் பணம் கட்டி வாங்கும் சேவை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று ஒருவராவது உட்கார்ந்து எழுத வேண்டாமா? அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் தீர்ப்பு. சாலைக்கு ஐந்துக்கு நான்கு. பஸ்ஸுக்கு நாலரை. இந்த இரண்டையும் நடத்துவதற்குப் பணம் ஒதுக்கும் முறைக்கு இரண்டு. கடைசி மதிப்பெண்ணைத்தான் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

பொள்ளாச்சியிலிருந்து அங்கலகுறிச்சி வழியாக ஆழியாறு வரை சமவெளி. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. அணையைத் தாண்டி வனத்துறை சோதனைச்சாவடி, அங்கிருந்து மலை. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை நிற்கும். 9ஆவது வளைவில் நின்றால் ஆழியாறு அணை முழுவதும் காலடியில் தெரியும். சுற்றுலா வருகிறவர்கள் எல்லோரும் படம் பிடிக்கும் இடம் அது. பிறகு அட்டகட்டி, வாட்டர்ஃபால்ஸ் எஸ்டேட், கவர்கல், ரொட்டிக்கடை. கவர்கல் பக்கம் பட்டப்பகலிலேயே விளக்குப் போட்டு ஓட்டும் அளவுக்கு மூட்டம் இறங்கும். கைப்பிடிச் சுவரின் மேல் வரையாடு நிற்கும். புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும், அவற்றுக்காக மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். மொத்தம் அறுபது கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் தூரம்தான், ஆனால் லோடு வண்டிக்கு அது ஒரு காலைப் பொழுது.

சாலையின் தரத்தை நான் தக்காளியை வைத்துத்தான் அளக்கிறேன். தக்காளிப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது, பின்சக்கரத்துக்கு நேர் மேலே அடியில் இருக்கும் பெட்டிதான் எல்லா அதிர்ச்சியையும் வாங்கும். வால்பாறையில் இறக்கும்போது அந்தப் பெட்டியைக் கடைக்காரர் முதலில் திறந்து பார்ப்பார். அடிவரிசைப் பழங்கள் பிளந்து சாறு கசிந்திருந்தால் வாடகையில் பிடித்துக்கொள்வார். குழியில் விழுந்த வண்டியின் கணக்கை அந்த ஒரு பெட்டி மறைக்காமல் சொல்லிவிடும். இந்த மலைச்சாலையில் பெரும்பாலும் அது காய்ந்தே வந்து இறங்குகிறது. இத்தனை மழை பெய்யும் மலையில் இது சாதாரணச் செய்தி இல்லை. தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு வால்பாறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்கு. சாலை காய்ந்து மூச்சுவிட வருடத்தில் சில மாதங்கள்தான் கிடைக்கும்.

சாலை நன்றாக இருக்கிறது என்றால் எல்லோரும் தாரைத்தான் பார்க்கிறார்கள். நான் மலைப்பக்கத்து ஓரவாய்க்காலைப் பார்க்கச் சொல்வேன். தார் வெயிலைத் தாங்கும், சக்கரத்தைத் தாங்கும். தனக்கு அடியில் தேங்கும் தண்ணீரை அதனால் தாங்க முடியாது. மேலே பெய்யும் மழை முழுவதும் மலைச்சரிவில் இறங்கி ஓரவாய்க்காலில் விழுந்து, சிறுபாலத்தின் வழியாகச் சாலைக்கு அடியில் போய், பள்ளத்தாக்குப் பக்கம் வெளியேற வேண்டும். வாய்க்காலில் ஒரு மரக்கிளை விழுந்து, அதில் இலைச்சருகு சேர்ந்து, அதன்மேல் மண் சரிந்தால் போதும். தண்ணீர் சாலையின் மேல் ஏறிவிடும். சாலையின் குறுக்கே பாயும் தண்ணீர் ஜல்லிக்கும் தாருக்கும் நடுவில் புகுந்து இரண்டையும் பிரிக்கும். அடுத்து ஒரு பஸ் அதன்மேல் ஏறும்போது சக்கரத்தின் அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் பீறிட்டு ஜல்லியை வெளியே தள்ளும். காலையில் கையளவு இருந்த பெயர்ப்பு சாயங்காலம் வண்டியை ஆட்டும் குழியாகிவிடும்.

அட்டகட்டிக்குக் கீழே ஒரு வளைவில், முதல் மழை பெய்து விட்டிருந்த ஒரு காலையில், சாலைப் பணியாளர் ஒருவர் வேலை செய்ததை எதிரே பஸ் வருவதற்காக ஒதுங்கி நின்றபோது பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பதைத் தாண்டிய வயது. தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தார். கையில் மண்வெட்டி, பக்கத்தில் கடப்பாரை. வாய்க்காலில் கிடந்த உருண்டைக் கல்லைக் கடப்பாரையால் நெம்பி வெளியே தள்ளினார். சிறுபாலத்தின் வாயில் குடிநீர் பாட்டில்களும் சிப்ஸ் பாக்கெட்டுகளும் சருகோடு சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தன. குனிந்து கையாலேயே இழுத்துப் போட்டார். தேங்கிய தண்ணீர் சட்டென்று சுழன்று உள்ளே போயிற்று. அதோடு விடவில்லை. பள்ளத்தாக்குப் பக்கம் போய், தார் முடியும் இடத்தில் மண் புருவம் மேடுதட்டியிருந்ததைப் பார்த்து, மண்வெட்டியால் கோணலாக ஒரு கீறு கீறினார். சாலை மேல் நின்றுகொண்டிருந்த தண்ணீர் அந்தக் கீறல் வழியாக இறங்கிவிட்டது.

"இப்படிக் கீறிவிடாவிட்டால் என்ன ஆகும் அண்ணா?" என்று கேட்டேன்.

"இன்றைக்கு ஒன்றும் ஆகாது தம்பி. தீபாவளிக்குள் இந்த ஓரம் கடித்துக்கொண்டு போய்விடும். அப்புறம் சுவர் கட்ட வேண்டிவரும்" என்றார்.

ஒரு மண்வெட்டிக் கீறலுக்கும் ஒரு தடுப்புச்சுவருக்கும் செலவில் எத்தனை மடங்கு வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள். உலக வங்கி 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதையே நாடுகளின் அளவில் கணக்குப் போட்டது. வளரும் நாடுகளில் இருபது ஆண்டுகளில் பராமரிக்காமல் விட்டதால் 4,500 கோடி டாலர் மதிப்புள்ள சாலைகள் அழிந்தன. 1,200 கோடி டாலருக்கும் குறைவாகப் பராமரிப்புக்குச் செலவு செய்திருந்தால் அந்த இழப்பைத் தவிர்த்திருக்கலாம் என்றது. அட்டகட்டிப் பெரியவர் அந்த ஆய்வைப் படித்திருக்க மாட்டார். ஆனால் அதில் உள்ள விஷயம் அவருக்கு முழுதாகத் தெரியும்.

அந்தப் பெரியவரைப் போன்றவர்களை இந்த மாநிலம் எப்படி நடத்தியது என்பதையும் இந்த மதிப்புரையில் சொல்லியாக வேண்டும். 1997இல் நெடுஞ்சாலைத் துறையில் சுமார் பத்தாயிரம் சாலைப் பணியாளர்கள் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். 2002 செப்டம்பரில் அத்தனை பேரும் ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 2006 பிப்ரவரியில்தான் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். இடையில் 41 மாதங்கள். அந்த 41 மாதங்களைப் பணிக்காலமாகக் கணக்கிடுங்கள் என்று அதன் பிறகு எத்தனை ஆர்ப்பாட்டம், எத்தனை ஊர்வலம், எத்தனை வழக்கு! நிதி நெருக்கடி வந்ததும் முதலில் மண்வெட்டி பிடிக்கிறவனின் கூலியில் கைவைக்கலாம் என்று நினைத்தது எனக்கு இன்றும் ஆறவில்லை. சாலை திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. வாய்க்கால் தூர்வாரியதற்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. அதனாலேயே அந்தச் செலவை வெட்டுவது எளிதாக இருக்கிறது.

வாய்க்கால் இல்லாத சாலை என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. சமவெளியில் நான் காய்கறி எடுக்கப் போகும் ஒரு கிராமத்துச் சாலை இருக்கிறது. பெயர் வேண்டாம். புதுத் தார் போட்டபோது கண்ணாடி போல இருந்தது. வீட்டுக்கு வண்டி ஏற்றுவதற்காக இரண்டு பக்கமும் வாய்க்காலை மூடிச் சாய்தளம் கட்டிக்கொண்டார்கள். தடுத்துக் கேட்க ஆள் இல்லை. மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் சாலை நடுவிலேயே குளம் கட்டியது. அடுத்த மழைக்காலத்துக்குள் குழி. ஒருநாள் தண்ணீருக்கு அடியில் இருந்த குழியில் பின்சக்கரம் இறங்கியதில் ஸ்பிரிங்கின் மெயின் பிளேட் முறிந்தது. அன்றைய லோடு போயிற்று, அடுத்த நாள் வண்டி பட்டறையில் நின்றது. பட்டறைக்காரர் முறிந்த பிளேட்டைக் கழற்றிக் காட்டினார். முறிவின் ஒரு பாதி துருவேறிக் கறுத்திருந்தது, மறுபாதி வெள்ளி போலப் பளபளத்தது. "பாதி முன்னாலேயே விரிந்திருக்கிறது அண்ணா, மீதிதான் இன்றைக்கு" என்றார். நல்ல சாலைக்கு வரியாகக் கொடுக்காத பணத்தைப் பட்டறையில் கொடுக்கிறோம். இதற்கு ரசீதும் கிடையாது, சட்டமன்றத்தில் விவாதமும் கிடையாது.

இனி பணத்தைப் பற்றி. தமிழ்நாட்டில் டீசலுக்கு விற்பனை வரி 11 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு. 2020 மே மாதத்தில் இந்த முறை வந்தது. அதற்கு முன் 25 சதவீதம் என்று ஒரே விகிதம். பெட்ரோலுக்கு 2021 ஆகஸ்டில் மூன்று ரூபாய் குறைத்தார்கள். இப்போது 13 சதவீதமும் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். இது மாநிலத்தின் பங்கு மட்டும். மத்திய அரசின் கலால் தனி. வாகனம் வாங்கும்போது சாலை வரி. 2023 நவம்பரில் அதை உயர்த்தினார்கள். 5 லட்சம் வரையிலான காருக்கு 12 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் போனால் 20 சதவீதம். விலை உயர்ந்த காருக்குக் கூடுதல் விகிதம் வைத்தது நியாயம் என்றே நினைக்கிறேன்.

இவ்வளவு கொடுக்கிறோமே, சாலைக்குப் போகிறதா என்று டீக்கடையில் கேட்பவர்கள் உண்டு. போகிறது, ஆனால் நேராகப் போவதில்லை. டீசல் வரியும் வாகன வரியும் அரசின் பொதுக் கருவூலத்தில் விழுகின்றன. அங்கே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன், ஓய்வூதியம், கடனுக்கு வட்டி எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொரு ஆண்டும் நெடுஞ்சாலைத் துறை மானியக் கோரிக்கையின்போது சாலையும் அந்த வரிசையில் போய் நிற்க வேண்டும். வரிசையில் நிற்பதை நான் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு முன்னால் சாலையை நிறுத்து என்று எந்த மனிதனும் கேட்க மாட்டான். என் மனக்குறை சாலைக்குள்ளேயே நடக்கும் பங்கீட்டில் இருக்கிறது. அகலப்படுத்துவதற்கும் புறவழிச்சாலைக்கும் மேம்பாலத்துக்கும் திட்டம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கொடுக்கும் கடன் இருக்கிறது. கீறல் கீறுகிற மண்வெட்டிக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? அதற்கு நம் வரிப்பணம்தான் கதி. மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் ஏறத்தாழ 66,000 கிலோமீட்டர் சாலை இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் இதர மாவட்டச் சாலைகள், அதாவது கிராமங்களைப் பெரிய சாலையோடு சேர்க்கும் சாலைகள். புதிதாக ஒரு கிலோமீட்டர் போட்டால் அதை என்றென்றைக்கும் காப்பாற்றும் செலவும் சேர்ந்தே பிறக்கிறது. அந்தச் செலவைப் பற்றித் திறப்பு விழாவில் யாரும் பேசுவதில்லை.

பணத்தைப் பூட்டி வைக்க முடியாது என்றும் சொல்ல முடியாது. பெட்ரோல், டீசல் மேல் போடும் சாலை செஸ் என்ற தனி வரியைச் சாலைக்கென்று ஒதுக்க 2000இல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. 2018இல் அதைத் திருத்தி, மற்ற உள்கட்டமைப்பு வேலைகளுக்கும் அந்த நிதியிலிருந்து எடுக்கலாம் என்று ஆக்கியது. பூட்டைத் தளர்த்தியது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பூட்டு என்று ஒன்று இருக்க முடியும் என்பதற்கு அது அத்தாட்சி. மாநிலத்தின் அந்த 9 ரூபாய் 62 காசில் ஒரு ரூபாயைச் சாலைப் பராமரிப்புக்கு மட்டும் என்று சட்டம் போட்டுப் பூட்டினால், அதற்காக இன்னொரு ஐம்பது காசு கூடுதலாகக் கேட்டாலும் நான் முணுமுணுக்காமல் கொடுப்பேன். ஸ்பிரிங் பிளேட்டில் மிச்சம் பிடித்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 9 ரூபாய் 62 காசு என்பது நிலையான தொகை. 2020இல் அதற்கு எவ்வளவு ஜல்லி கிடைத்ததோ அவ்வளவு இன்றைக்குக் கிடைக்காது. மின்சார வண்டிகள் பெருகப் பெருக டீசல் விற்பனையும் இறங்கும். மாநிலத்தின் 2023 மின்வாகனக் கொள்கை அந்த வண்டிகளுக்குச் சாலை வரியிலும் விலக்குக் கொடுத்தது. புகை குறைவதற்காகச் செய்தது, வரவேற்கிறேன். ஆனால் மின்சார வண்டியும் இதே 40 வளைவுகளில்தான் ஏறப்போகிறது. அது ஏறும் சாலைக்கு யார் பணம் போடுவது என்ற பேச்சை இப்போதே தொடங்க வேண்டும்.

பணத்தைச் செலவழிக்கும் முறையில் இந்த மாநிலம் செய்த நல்ல காரியம் ஒன்று எங்கள் ஊரிலிருந்துதான் தொடங்கியது என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். பொள்ளாச்சி நெடுஞ்சாலைக் கோட்டத்தில் 370 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலைகளை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரே ஒப்பந்தமாகப் பராமரிப்புக்கு விட்டார்கள். செயல்திறன் அடிப்படையிலான பராமரிப்பு ஒப்பந்தம் என்று பெயர். பழைய முறையில், குழி விழுந்த பிறகு மதிப்பீடு போட்டு, டெண்டர் விட்டு, ஒட்டுப் போட்ட அளவுக்குப் பில் கொடுப்பார்கள். குழி அதிகமானால் பில்லும் அதிகம். இந்த முறையில், சாலை குறித்த தரத்தில் இருந்தால் ஒப்பந்ததாரருக்கு மாதாமாதம் பணம். குழியைக் குறித்த நேரத்துக்குள் அடைக்காவிட்டால் பிடித்தம். குழி விழாமல் இருந்தால்தான் அவருக்கு லாபம். அப்போது அவரே வாய்க்காலைத் தேடிப் போவார். மனிதர்களின் நல்ல மனதை மட்டும் நம்பாமல், அவர்களுடைய லாபத்தையே நம் பக்கம் திருப்பிவிட்ட ஏற்பாடு இது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் கொண்டுபோனார்கள். ஒரே ஒரு நிபந்தனை: ஒப்பந்தம் இருக்கிறதே என்று துறையின் சொந்தப் பணியாளர்களைக் குறைக்கக் கூடாது. நள்ளிரவில் மரம் விழுந்து வழி அடைத்துக்கொண்டால், எந்த வளைவில் எந்தச் சிறுபாலம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஆள் துறையில் இருந்தாக வேண்டும்.

வண்டிக்காரர்களும் சாலையைக் கெடுக்கிறோம். இதை எங்கள் ஆட்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1950களின் கடைசியில் தனியாகச் சாலை போட்டு, அதில் லாரிகளை ஓயாமல் ஓட்டிச் சோதித்தார்கள். அச்சில் ஏறும் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் தேய்மானம் ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது என்று அந்தச் சோதனையிலிருந்து கண்டார்கள். இன்றும் சாலைப் பொறியாளர்கள் இந்தக் கணக்கைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். இரண்டு பங்கு லோடு ஏற்றுகிறவன் இரண்டு பங்கு வாடகை வாங்குகிறான், பதினாறு பங்கு சாலையைத் தின்கிறான். "இன்னும் நாலு மூட்டை போடுங்கள், என்ன ஆகிவிடும்?" என்று வியாபாரிகள் கேட்கும்போதெல்லாம் நான் மறுப்பதற்கு இதுதான் காரணம்.

இப்போது பஸ். என் வண்டி எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போகும் நாட்களில் நானும் பஸ்ஸில்தான் ஏறுவேன். கோவைப் பக்கம் அரசு பஸ் என்பது 1972இல் சேரன் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கியது. இப்போது அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கோவைக் கோட்டம். மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவர்களின் கைவண்ணத்துக்கு நான் அடிமை. கொண்டை ஊசியில் நீளமான பஸ் திரும்பும்போது முன்பக்கம் கைப்பிடிச் சுவரைத் தடவுவது போலப் போகும். பின்சக்கரம் மலைப்பக்கத்து வாய்க்காலின் விளிம்பில் வரும். கண்டக்டர் பின்படியில் நின்று விசிலால் பேசிக்கொண்டே இருப்பார். மேலே ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலையின் விதி. அதைச் சுற்றுலாக் கார்கள் மறந்தாலும் பஸ்காரர்கள் மறப்பதில்லை. அரை மதிப்பெண்ணைக் குறைத்தது நெரிசலுக்காக மட்டும். திங்கட்கிழமைக் காலையில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளும் எஸ்டேட் ஆட்களும் ஒரே பஸ்ஸில் நிற்கிறார்கள். இன்னும் பஸ்கள் வேண்டும்.

என் அக்கா ஒரு தேயிலை எஸ்டேட்டில் இலை பறிக்கிறார். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகர பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது மலைக்கு அது வரவில்லை. 2024 பிப்ரவரி பட்ஜெட்டில்தான் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை என்று மலைப்பகுதிகளையும் சேர்த்தார்கள். அதற்கு முன் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போவதைக்கூட ரேஷன் வாங்கும் நாளோடு சேர்த்துத் தள்ளிப்போடுவார். பஸ் காசைக் கணக்குப் பார்த்து உடம்பு வலியை ஒத்திவைக்கும் வழக்கம் எஸ்டேட்டில் பல பெண்களுக்கு இருந்தது. இப்போது கண்டக்டர் கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிறார், அக்கா வலி வந்த அன்றே மருத்துவரைப் பார்க்கிறார். இந்தத் திட்டத்தை இலவசம் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

ஆனால் அந்த டிக்கெட்டுக்கு யாரோ பணம் கொடுக்கத்தான் வேண்டும். கழகத்துக்கு அதை அரசு ஈடுசெய்ய வேண்டும், உரிய நேரத்தில் செய்ய வேண்டும். 2021 ஆகஸ்டில் நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, அரசு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நஷ்டம் என்றது. கட்டணம் கடைசியாக மாறியது 2018 ஜனவரியில். புறநகர் சாதாரண பஸ்ஸுக்கு கிலோமீட்டருக்கு 42 காசாக இருந்ததை 60 காசாக்கி, எதிர்ப்பு வந்ததும் 58 காசாக்கினார்கள். அதற்குப் பிறகு டீசலும் டயரும் சம்பளமும் எங்கேயோ போய்விட்டன. கட்டணத்தை ஏற்றாதது எங்களைப் போன்றவர்களுக்கு நிம்மதிதான். அந்த நிம்மதியின் விலையை வேறு யாரோ சுமந்திருக்கிறார்கள். 2024 ஜனவரியில் போக்குவரத்துத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில், ஓய்வுபெற்றவர்களுக்குத் தர வேண்டிய அகவிலைப்படி முக்கியமானது. முப்பது வருடம் மலைப்பாதையில் ஸ்டீயரிங் பிடித்தவர் தன் பாக்கிக்காகத் தெருவில் உட்கார்ந்தால், அந்த 58 காசு மலிவான கட்டணம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஏழைக்குச் சலுகை கொடுங்கள், அதை அரசுக் கணக்கில் எழுதி அரசே கட்டுங்கள். கழகத்தின் கணக்கில் நஷ்டமாக ஒதுக்கித் தள்ளாதீர்கள். புதிய பஸ்களுக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ வங்கிக் கடனில் பி.எஸ்.-6 என்னும் புகைக்கட்டுப்பாட்டுத் தரத்தில் 2,213 பஸ்கள் வாங்கும் ஏற்பாடு நடந்தது நல்ல செய்தி. அவற்றுக்கான உதிரிபாகமும் ஒர்க்ஷாப் ஆட்களும் ஒவ்வொரு ஆண்டும் நம் சொந்தப் பணத்தில் வர வேண்டும்.

சாலைக்கு ஒரு மதிப்பெண் ஏன் குறைத்தேன் என்று சொல்ல மறந்துவிடக் கூடாது. ஒதுங்க இடம் போதாது. வளைவுக்கும் வளைவுக்கும் நடுவில் ஆம்புலன்ஸுக்கு வழிவிட லோடு வண்டி ஒதுங்கும் அகலம் பல இடங்களில் இல்லை. காட்டை வெட்டி அகலப்படுத்தச் சொல்ல மாட்டேன். இருக்கும் இடத்திலேயே மண் புருவத்தைக் கெட்டிப்படுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி வளைவில் காரை நிறுத்திப் படம் பிடிக்கிறவர்கள் கையில் இருக்கிறது. அவர்கள் வீசும் பாட்டில்தான் சிறுபாலத்தின் வாயை அடைக்கிறது.

இந்தச் சாலையில் வருகிறவர்களுக்குச் சில குறிப்புகள். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். மழைக்காலத்தில் இருட்டுவதற்குள் ஆழியாறைத் தாண்டிவிடுங்கள். குழியைப் பார்த்தால் திட்டிவிட்டுப் போகாமல் ஓரத்துக் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மாநில நெடுஞ்சாலைத் துறை 2023 நவம்பரில் 'நம்ம சாலை' என்ற செயலியைக் கொண்டுவந்தது. குழியைப் படம் எடுத்து அனுப்பினால் இடத்தோடு சேர்த்து அந்தப் பகுதிப் பொறியாளருக்குப் போகும். குழியை மட்டும் எடுக்காமல், பக்கத்தில் வாய்க்கால் அடைத்திருந்தால் அதுவும் தெரியும்படி படம் எடுங்கள். உள்ளூராட்சிச் சாலை என்றால் அந்தச் செயலி உதவாது, ஊராட்சியிடம்தான் போக வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். போய் உட்காருங்கள். தார் போட வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். சாய்தளம் கட்டி மூடிய வாய்க்காலைத் திறக்க வேண்டும் என்று நீங்கள் கேளுங்கள், அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதும்வரை எழுந்திருக்காதீர்கள்.